ஐந்து ஆணியும் ஒரு சுவரும்

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு கத்தரீனா டீச்சர் வீட்டு முன்ஹோலில் எழுந்த சத்தத்தில், கண்டி வாவியில் மேலாக மிதந்துகொண்டிருந்த மீன்கள் எல்லாம் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டன. எங்கள் அம்பிட்டியிலிருந்து வாவி எவ்வளவு தூரம் என்று யாராவது கணக்குச் சொல்ல வந்தால் வரட்டும். டீச்சர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு கொய்யா மரமும் பன்னிரண்டு படியும்தான். என் பிளேன்டீக் கோப்பை தட்டில் ஆடியதை நானே கண்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். டீச்சர் கையில் சுத்தியல். தலைமுடி, மூக்குக்கண்ணாடி, புருவம் எல்லாம் சீமெந்துத் தூள். காலடியில் ஒரு பாயளவு பூச்சு உடைந்து கிடந்தது. சுவரில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கதிரையில் சாய்த்து வைத்திருந்த திருஇருதய ஆண்டவர் படத்தில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"ஒரே ஒரு ஆணிதான் அடிச்சேன் றெஜினோல்ட்," என்றார் டீச்சர்.

நான் எண்ணினேன். ஐந்து ஓட்டை.

சங்கதி இதுதான். எங்கள் வட்டாரத்தில் ஒக்டோபர் மாதம் முழுவதும் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாலையில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, ரோல்ஸும் கடலைச் சுண்டலும் சாப்பிட்டு, மறுநாள் பாட்டோடு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம். போன ஒக்டோபரில் டீச்சர் வீட்டு முறை வந்தபோது பெய்ததை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். மலைச்சரிவுத் தண்ணீர் பின்னால் ஊறி, முன்ஹோல் சுவர் எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி நின்றது. சொரூபம் வரவில்லை. மேல்படி வீட்டு அனற், வட்டாரத் தலைவி, "பரவாயில்ல டீச்சர், ஒங்க நாளையும் நானே எடுத்துக்கிறேன்" என்று மாதாவை இரண்டு நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அந்தப் 'பரவாயில்ல' டீச்சரின் நெஞ்சில் ஒரு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆகவே இந்த வருடம் வீடு திருத்த வேலை. வடிகால் வெட்டி, ஈரத்தை நிறுத்தி, கெலிஓயா மேசன் ஹபீல் பாஸைப் பிடித்துச் சுவரைப் பூசி முடித்தது சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை மாதா வருகிறாள். நடுவில் இந்தத் திங்கட்கிழமை, இந்தச் சுத்தியல்.

தகவல் போய், பதினொரு மணிக்கு ஹபீல் பாஸ் வந்தார். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்து மீசை வெட்டலாம் என்று கம்பளை வரைக்கும் பேச்சு. மனிதர் பேசாமல் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். 'டொக்' என்று கேட்கவேண்டிய இடமெல்லாம் 'பொத்' என்றது.

"டீச்சர், ரெண்டு நாளு பச்சப் பூச்சு இது. இதுலயா நாலு இஞ்சி ஆணிய அடிக்கிற? பொறந்த அன்டைக்கே புள்ளக்கி காது குத்தின மாதிரி ஈக்கி."

"பின்ன என்னா செய்யிறது பாஸ்? நாலு நாளா ஆண்டவர அலுமாரிக்குள்ள, சாரிக்கு நடுவுல படுக்க வச்சிருக்கேன். எனக்குத் தூக்கம் வருமா?"

ஹபீல் பாஸ் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார். "அதுவும் செரிதான்," என்றார். "ஒரு வார்த்த சொல்லீந்தா நான் ஒரு மரச்சட்டம் அடிச்சி தந்தீப்பேனே."

"நாளைக்கு வந்து பூசிக் குடுத்துடுங்க."

"நாளைக்கி ஏலா டீச்சர். தெல்தெனியில ஸ்லெப் போடுற. வெள்ளி வரைக்கும் அங்கதான். கொங்கிரீட்ட பாதில உட்டுட்டு வர ஏலுமா?"

"விழுந்த எடத்துக்கு மட்டும் ஒரு ஒட்டுப் போட்டா?"

"ஒட்டா? ஏன்ட பேர் என்னத்துக்கு ஆகும்? அரவாசி செவரு களண்டு நிக்கிது. முழுக்கக் கொத்தி எறக்கணும்."

அப்போது குசினி வாசலில் நின்ற மருமகள் ஷிராணி கேட்டாள். கையில் ரொட்டி மாவு. குரல் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பாஸ், கீழ்ப்பக்கம் எத்தன கனம் வச்சீங்க?"

"முக்கா இஞ்சி."

"செங்கல்லுல மொதல்ல சீமெந்துப் பால் வீசுனீங்கதானே?"

"வீசாமையா?" ஹபீல் பாஸ் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி எங்க வேல செஞ்ச?"

"அவ டெக்னிக்கல் ஒஃபிசர்!" என்று டீச்சர் குறுக்கே பாய்ந்தார். முப்பத்தொரு வருடம் வகுப்பை அடக்கிய குரல். முற்றத்துக் கோழிகூட வரிசையில் நின்றிருக்கும்.

ஷிராணி தலையைக் குனிந்துகொண்டாள். "பாஸ், ஒங்க மட்டப்பலகைய மட்டும் வச்சிட்டுப் போங்க. சனிக்கிழம எடுத்துக்கலாம்," என்றாள். அந்த நீட்டுப் பலகையைச் சுவரில் இழுத்துத்தான் பூச்சின் மேடுபள்ளத்தைச் சீவுவார்கள். பாஸ் எதுவும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

டெக்னிக்கல் ஒஃபிசர் கதையை நான் சொல்லியாக வேண்டும். ஷிராணி தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. லயத்து வரிசையறை ஆட்களுக்குத் தனிவீடு கட்டும் திட்டம் வந்தபோது, பெண்களுக்கும் மேசன் வேலை பழக்கினார்கள். மற்றப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட, இவள் மட்டும் ஆறு வருடம் கரண்டி பிடித்தாள். பேராதனை ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருக்கும் டீச்சரின் மகன் லூக்காஸ், ஒரு நண்பனின் வீடு குடிபூரலுக்குப் போனவன், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுச் சாரத்தின் மேல் நின்றவளைப் பார்த்து அங்கேயே வாயைத் திறந்தவன்தான். கலியாணம் வரைக்கும் மூடவில்லை. "பொண்ணு என்னா செய்யிறா?" என்று அனற் கேட்டபோது டீச்சர் வாயில் வந்து விழுந்தது அந்த ஒஃபிசர். அனற்றிடம் சொன்ன பொய் நொத்தாரிசிடம் பதிந்த காணி உறுதி மாதிரி; பிறகு மாற்ற முடியாது. ஐந்து வருடமாக ஷிராணி இந்த வீட்டில் ஒஃபிசர்.

பாஸ் போன பிறகு ஹோலில் நாங்கள் மூவர். ஷிராணி விழுந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"மாமி, நான் பூசுறேன்."

டீச்சர் சுத்தியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாதாவின் படம் போட்ட கலண்டரைப் பார்த்தார்.

"ஒனக்கு ஏலுமா? அஞ்சு வருசமாச்சே."

"கைக்கு வருசம் தெரியாது மாமி. ஆனா ஒண்ணு. யாராச்சும் கேட்டா, ஷிராணிதான் பூசுனான்னு சொல்லணும்."

"அத அப்பறம் பாப்பம்."

"இப்பவே பாப்பம் மாமி. நாப்பத்திரண்டு வீடு பூசியிருக்கேன். தொறப்பு விழாவுக்குப் பெரியாளுங்க வந்தாங்க, ரிப்பன் வெட்டுனாங்க. அவங்க பேரு கல்லுல இருக்கு. நாங்க பந்தலுக்குப் பின்னால சோறு பார்சல் தின்னோம். இந்தச் செவுத்துல என் பேர எழுதச் சொல்லல. வாயால சொன்னாப் போதும்."

"எங்க சனம் என்னா சொல்லும் ஷிராணி? சீமெந்துக்காரின்னுதானே சொல்லும்?"

"சொல்லட்டுமே. சீமெந்துக்காரிதானே!"

டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகினார். அது சம்மதமா இல்லையா என்று எனக்கும் விளங்கவில்லை, ஷிராணிக்கும் விளங்கவில்லை. அவள் உளியை எடுத்துவிட்டாள்.

வேலை முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று டீச்சர் என்னிடம் சத்தியம் வாங்கினார். என் எழுபத்தொரு வருட வாழ்க்கையில் நான் காப்பாற்றிய இரகசியங்கள் இரண்டு. அதில் ஒன்றை நான் மறந்துபோனதால் காப்பாற்றினேன். பேராதனை ஸ்டேஷன் பார்சல் கந்தோரில் நான் இருந்த காலத்தில், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ரயில் வருவதற்கு முன்பே கடுகண்ணாவைக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனைப் படிக்கட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

திங்களும் செவ்வாயும் உள்ளே கொத்து வேலை. மீன்காரன் நின்று, "என்னாங்க ஐயா உள்ள சத்தம்?" என்றான். பாம்பு அடிக்கிறார்கள் என்றேன். பின்னேரம் அவன் திரும்பி வரும்போது அது மலைப்பாம்பாகி, லூக்காஸை முழங்கால் வரைக்கும் விழுங்கியிருந்தது. கொத்திய பூச்சை லூக்காஸ் உரப் பைகளில் அள்ளி, காலையில் வேலைக்குப் போகுமுன்னும் மாலையில் வந்த பிறகும் தூக்கினான். முப்பத்தெட்டுப் பை. சரி, பதினெட்டு.

செவ்வாய் மத்தியானம் அனற்றே இறங்கி வந்தாள்.

"ஏன் றெஜினோல்ட் அண்ணே, கதவு யன்னலெல்லாம் பூட்டிக் கெடக்கு?"

"பூச்சு காயுது. காத்துப் படக் கூடாதாம்."

"காத்துப் படாம எப்புடி அண்ணே காயும்?"

"அது புது முறை. ஜப்பான் முறை."

"வேல முடியாட்டி சொல்லச் சொல்லுங்க. இந்த முறையும் நானே எடுத்துக்கிறேன். பரவாயில்ல."

கதவுக்குப் பின்னால் உளிச் சத்தம் ஒரு கணம் நின்று, இரண்டு மடங்கு வேகமாகத் தொடங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டாவது சத்தம் டீச்சருடையது.

புதன்கிழமை பூச்சு. அன்றைக்கு நான் காவலை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் காட்சியைப் பாராமல் படிக்கட்டில் உட்கார நான் என்ன கல்லா? ஷிராணி லூக்காஸின் பழைய சேர்ட்டைப் போட்டு, தலையில் துவாய் கட்டி நின்றாள். முதல் நாளே செங்கல்லை நனைத்துச் சீமெந்துப் பால் வீசி வைத்திருந்தாள். மேலிருந்து நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, சாந்து உருண்டைகளைச் சுவரில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டினாள். எல்லாப் பொட்டும் நூலைத் தொடவேண்டும், ஆனால் நூல் அசையக் கூடாது. அது பூச்சின் கனத்துக்குக் காவல்.

சாந்து குழைக்க ஆள் இல்லை. வெளியாளைக் கூப்பிட்டால் இரகசியம் போய்விடும். எனக்கு இடுப்பு வலி. அது வேலையைக் கண்டதும் வருவது. மிச்சம் டீச்சர்தான்.

முதல் கலவையில் டீச்சர் தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தார். சாந்து பாயாசமாகி முற்றத்தில் ஓடியது.

"மாமி, இது கஞ்சி. செவுத்துல நிக்காது."

"பின்ன எப்புடித்தான் வேணும்?"

"நீங்க பொல் ரொட்டிக்கு மாவு பெசையிறீங்களே, அந்தப் பதம். கையில ஒட்டக் கூடாது, ஆனா ஒடையவும் கூடாது."

டீச்சரின் தேங்காய்ப்பூப் பொல் ரொட்டியைச் சாப்பிட்டால் செத்தவன்கூட எழும்பிக் கட்டச் சம்பல் கேட்பான். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்த கலவையில் மணலைத் தானே மறுபடி சலித்தார், கிள்ளிப் பார்த்தார், மோந்து பார்த்தார். நக்கிப் பார்க்கப் போனதை நான்தான் தடுத்தேன்.

ஷிராணி கரண்டியால் சாந்தை எடுத்து வீசினாள். அந்த வீச்சை நான் எப்படிச் சொல்வேன்! மணிக்கட்டு ஒரு சுண்டு. சாந்து போய்ச் சுவரில் அறைந்து அங்கேயே படுத்துவிடும். ஒரு துளி கீழே விழவில்லை. கீழே போட்டிருந்த சாக்கைப் பின்னேரம் உதறினேன். விழுந்திருந்தது ஒரு கைப்பிடிக்குக் குறைவு. பொட்டுக்குப் பொட்டு சாந்துப் பட்டை இழுத்து, நடுவை நிரப்பி, ஹபீல் பாஸின் மட்டப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழிருந்து மேலே, இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிச் சீவினாள். பத்தடி உயரம். மேசையின் மேல் கதிரை, கதிரையின் மேல் அவள்.

"எறங்கு ஷிராணி, விழுந்துடுவே!" என்று டீச்சர் மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாமி, மேசைய ஆட்டாதீங்க. விழுந்தா அதாலதான் விழுவேன்."

பின்னேரம் பூச்சு இறுகுமுன், வடிகட்டிய சுண்ணாம்பு. வெண்ணெய் மாதிரி குழைத்ததை இரும்புத் தகட்டுக் கரண்டியால் மெல்லிசாக இழுத்தாள். சாம்பல் சுவர் பால் நிறமாக மாறிக்கொண்டே போனது. இழுத்த இடத்தையே மறுபடி மறுபடி அழுத்தித் தேய்க்க, சுவருக்குள்ளிருந்து ஒரு மினுக்கம் எழும்பியது. அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருடமாக இந்த வீட்டில் பிளேன்டீ ஊற்றித் தந்த பெண் இல்லை அது. கிட்டப் போய்ப் பேச எனக்கே பயமாக இருந்தது. எனக்கு என்றால் பாருங்களேன்!

டீச்சர் கலவைத் தகரத்தின் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இன்னம் சுண்ணாம்பு வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழனும் வெள்ளியும் சுவருக்குத் தண்ணீர் தெளித்தார்கள். யார் பூசியதென்று சொல்வது என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுக்காத பேச்சு வீட்டில் நான்காவது ஆள் மாதிரி நடமாடியது. வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைக் கொய்யா மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"றெஜினோல்ட், கேட்டா ஹபீல் பாஸ்னு சொல்லிடுவம். அவர்தானே மொதல்ல பூசுனாரு. பொய்யும் இல்லையே?"

"ஷிராணி?"

"அவ கோவிக்க மாட்டா."

"கோவிக்க மாட்டா. அதுதான் டீச்சர் மோசம்," என்றேன். என் வாயில் இப்படி ஒழுங்கான வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். டீச்சர் ஒரு கொய்யாக்காயைப் பறித்து, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை ஐந்தரைக்குப் பாட்டோடு மாதா வந்தாள். ஐம்பது பேர் கொள்ளாத ஹோலில் ஐந்நூறு பேர். சொரூபத்தைச் சுவரோரமாக மேசையில் வைத்தார்கள். கீழே நெடுக மெழுகுதிரி. வெளிச்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஏறியது. பூச்சுக்கு இதைவிடக் கொடிய சோதனை இல்லை. நெல்லுமணி அளவு மேடு இருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் வீடுகளில் மெழுகுதிரி ஏற்றினால் சுவர் நுவரெலியா ரோட்டு மாதிரி வளைவும் நெளிவுமாகத் தெரியும். இங்கே ஒரு நிழல் இல்லை. மூலையிலிருந்து மூலை வரைக்கும் அந்த வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. அருள்நிறை மந்திரத்தின் நடுவே அத்தனை தலையும் சுவரைப் பார்த்தன. மாதா கோபித்திருக்க மாட்டாள், அவளும் பார்த்திருப்பாள்.

செபம் முடிய, மட்டப்பலகையை எடுக்க வந்து வெளியே காத்து நின்ற ஹபீல் பாஸை லூக்காஸ் உள்ளே கூட்டி வந்து தேநீர் கொடுத்தான். அனற் ரோல்ஸ் தட்டோடு நேரே அவரிடம் போனாள்.

"ஏன் பாஸ், போன வருசம் எங்க ஹோலையும் நீங்கதானே பூசுனீங்க? இந்த மாதிரி ஏன் வரல்ல? டீச்சருக்கு ஒரு கை, எங்களுக்கு ஒரு கையா?"

ஹபீல் பாஸ் தேநீரை வைத்தார். சுவரருகே போனார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டி ஒற்றைக் கண்ணால் நெடுகப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார்.

"அனற் மிஸ், ஏன்ட மேல பாயாதீங்க," என்றார். "இது நான் பூசின செவரு இல்ல. நான் பூசினாலும் இப்பிடி வந்தீக்கும்னு சத்தியமா சொல்ல ஏலா."

"அப்ப யாரு?"

ஷிராணி சுண்டல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரையும் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள். லூக்காஸ் தாயைப் பார்த்தான். என் நாக்கு வாய்க்குள் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. இரண்டு பல்லால் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் தழும்பு இருக்கிறது.

"டெக்னிக்கல்…" என்று தொடங்கிய கத்தரீனா டீச்சர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவில் முதற்பிள்ளையின் பெயரை வாசிக்கிற குரலில் சொன்னார்:

"என் மருமக ஷிராணி. மேசன். ஒஃபிசர் கிஃபிசர் ஒண்ணும் இல்ல, அது நான் சொன்ன பொய். தெல்தெனிய பக்கம் நாப்பத்திரண்டு வீடு பூசியிருக்கா. இது நாப்பத்தி மூணாவது."

சுண்டல் தட்டு சாய்ந்தது. லூக்காஸ் தாங்கிப் பிடித்தான். ஷிராணியின் கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

"அல்லாஹ்! அன்டைக்கே நெனச்சேன்," என்றார் ஹபீல் பாஸ். "தங்கச்சி, சாந்தும் நல்லா ஈக்கி. ஒரு வெடிப்பு இல்ல. யாரு கொழச்ச?"

"மாமி," என்றாள் ஷிராணி.

இப்போது அத்தனை தலையும் டீச்சர் பக்கம் திரும்பின. டீச்சர் சாரித் தலைப்புக்குள் கையை ஒளிக்கப் போனார். சுண்ணாம்பு அரித்துத் தோல் உரிந்த கை. பிறகு என்ன நினைத்தாரோ, வெளியே எடுத்து ரோல்ஸ் தட்டில் ஒன்றை எடுத்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாகத்தான் எடுத்தார்.

அனற் ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். கடைசியில் குரல் ஆளே மாறி வந்தது.

"ஷிராணி மகள், எங்க குசினிச் செவரும் ஈரம் ஊறிக் கெடக்கு… அடுத்த கெழம வரலாமா?"

ஷிராணி பதில் சொல்லுமுன் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"அடுத்த கெழம ஏலாது அனற். மொதல்ல எங்க வீட்டுல ரெண்டு அற பூச இருக்கு. நீங்க நீளம் ஒசரம் அளந்து எழுதி வையுங்க, மணல நல்ல மணலா எறக்கி வையுங்க. நவம்பர் கடைசியில நாங்க வர்றோம்."